பப்பாளியில் பிஞ்சே நிற்கவில்லையா? முதலில் பூவைப் பாருங்கள்

“மரம் நிறைய பூ, ஒரு பிஞ்சு கூட நிக்கலக்கா.” வேலூரில் வீட்டில் பப்பாளி வைத்திருப்பவர்களிடம் அதிகம் கேட்கிற புலம்பல் இதுதான். உரம் போதவில்லை, கண் பட்டுவிட்டது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரும்பாலும் விஷயம் பூவில்தான் இருக்கும். பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம், ஒரே பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் இருபால் மரம் என்று மூன்று உண்டு. இதை மனதில் வைத்து விதையிலிருந்தே தொடங்கினால் ஒரு வருஷ உழைப்பு வீணாகாது.

1. விதை

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக ரகங்களில் கோ 2, கோ 5, கோ 8 போன்றவற்றில் ஆண், பெண் தனித்தனி மரம். விதைத்ததில் ஏறக்குறைய பாதி ஆணாகவே வரும். கோ 3, கோ 7, ரெட் லேடி ஆகியவற்றில் பெண்ணும் இருபாலும் வரும், தனி ஆண் மரம் வராது. ஒன்றிரண்டு மரம்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் இந்த இரண்டாவது வகையை வாங்குங்கள்.

சாப்பிட்ட பழத்தின் விதையைப் போடுவதானால் பழத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். நீளமான பழம் பெரும்பாலும் இருபால் மரத்துடையது. அதன் விதையில் ஆண் வரும் வாய்ப்பு குறைவு. உருண்டைப் பழம் பெண் மரத்துடையது. அதற்கு ஆண் மரத்து மகரந்தம் கிடைத்திருந்தால் பாதி ஆண்தான்.

விதைமேல் உள்ள வழவழப்பான தோலைச் சாம்பலில் தேய்த்து எடுத்து, நிழலில் உலர்த்தி, மண் நிரப்பிய நாற்றுப் பையில் விதையுங்கள். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும்.

2. குழி

ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி. குழிக்குக் குழி ஆறடி. ஒரு கூடை மக்கிய தொழு உரத்தை மண்ணோடு கலந்து நிரப்புங்கள். ஆனி முதல் ஆவணி வரை நடுவது நல்லது. தண்டைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்து, தண்ணீரைச் சற்றுத் தள்ளி வட்டமாக விடுங்கள். ஐப்பசி மழையில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே அடித்தண்டு அழுகிவிடும்.

ஆண், பெண் தனியாக வரும் ரகமானால் ஒரு குழிக்கு மூன்று நாற்று, ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். மூன்றும் ஆணாகப் போக எட்டில் ஒரு வாய்ப்புதான். விதையின் நிறத்தையோ வேரையோ பார்த்து “இது பெண்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூக்கும் வரை கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை.

3. பூவைப் படிப்பது

நான்கைந்து மாதத்தில் மொட்டு விடும். அவசரப்படாமல் தினமும் போய்ப் பாருங்கள்.

ஆண் மரத்தில் இலைக்கக்கத்திலிருந்து நீளமான காம்பு தொங்கும். ஒரு முழம்கூட இருக்கும். அதில் கிளை கிளையாக ஒல்லிப் பூக்கள். பெண் பூ குட்டைக் காம்பில் தண்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். மொட்டு பருமனாக இருக்கும். விரிந்ததும் இதழ்களை விலக்கினால் நடுவில் பச்சரிசி நிறத்தில் குண்டான சூலகம் (பிஞ்சாக மாறும் பகுதி) தெரியும், அதன் தலையில் மகரந்தத்தை வாங்கும், விசிறியாகப் பிரிந்த சூல்முடி. மகரந்தப் பை ஒன்றுகூட இருக்காது. இருபால் பூவும் தண்டை ஒட்டித்தான் வரும். ஆனால் அதன் சூலகம் ஒடிசலாக நீண்டிருக்கும், சுற்றிலும் மஞ்சள் மகரந்தப் பைகள். சந்தேகம் வந்தால் ஒரு பூவைப் பறித்து நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள், தெளிந்துவிடும்.

ஆண் என்று உறுதியானதும் தரையோடு அறுத்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். பால் கையில் பட்டால் அரிக்கும், கவனம். ஆணி அடித்தால் ஆண் மரம் பெண்ணாகும் என்பதை நம்பி மரத்தைக் காயப்படுத்தாதீர்கள். அந்தக் காயத்தில் அழுகல்தான் வரும்.

எல்லா ஆணையும் வெட்டிவிடவும் கூடாது. தோட்டத்தில் இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் வைப்பது கணக்கு. வீட்டில் பெண் மரம் மட்டும் இருந்து, தெருவில் வேறு பப்பாளியும் இல்லையென்றால், தெரிந்தவர் வீட்டிலிருந்து புதிதாக விரிந்த ஆண் பூவைக் கொண்டுவந்து சூல்முடியில் மெல்லத் தடவுங்கள்.

4. கத்திரியில் மாறும் பூ

நம் ஊருக்கு மிக முக்கியமானது இது. ரெட் லேடி வைத்தவர்கள் சித்திரை, வைகாசியில் பயந்துபோய் மரத்தையே வெட்டிவிடுகிறார்கள். நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயிலில் இருபால் பூவின் சூலகம் சூம்பிப்போகும். பார்த்தால் ஆண் பூ மாதிரியே இருக்கும், கொட்டியும் விடும். மரம் ஆணாக மாறிவிடவில்லை. தண்டில் ஏற்கெனவே நீளக்காய் பிடித்திருந்தால் அது இருபால் மரம்தான். கோடை மழை வந்து சூடு தணிந்தாலும், அதற்குமுன் உருவான மொட்டுகள் பூத்து முடிய வேண்டும், அதனால் சில வாரம் பொறுங்கள். அதுவரை அடியில் காய்ந்த இலை, வைக்கோல் போட்டு மூடி, காயவும் விடாமல் தேங்கவும் விடாமல் தண்ணீர் கொடுங்கள்.

பிறகும் பிஞ்சு நிற்காவிட்டால் இரண்டு பூவைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.