சிம்லிங்க்: எது எதைக் காட்டுகிறது?

சிம்லிங்க் என்பது வேறொரு கோப்பையோ கோப்புறையையோ சுட்டும் லிங்க். அதைப் பற்றி எழுதும்போது ‘டார்கெட்’ என்ற சொல்லை நான் விளக்கமில்லாமல் தனியாக விடுவதே இல்லை. லினக்ஸில் பயன்படும் குனு கருவிகளின் கையேட்டில், லிங்க் உருவாக்கும் எல்என் (ln) கட்டளைக்கு டார்கெட் என்பது ஏற்கெனவே இருக்கும் கோப்பு. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில், அதே கட்டளைக்கு ‘டார்கெட் ஃபைல்’ என்பதோ புதிதாக உருவாகும் லிங்க். நேர்மாறு! விண்டோஸில் லிங்க் உருவாக்கும் எம்கேலிங்க் (mklink) கட்டளையில் வரிசையும் தலைகீழ்: முதலில் லிங்க், பிறகு அசல்.

ஒருமுறை லிங்க்கை நினைத்து ‘டார்கெட்டை நீக்கவும்’ என்று எழுதிவிட்டேன். படித்தவர் அசல் கோப்புறையையே அழித்துவிட்டார்.

‘லிங்க்கின் பெயர்’, ‘அது சுட்டும் பாதை’ என்று எழுதுங்கள். கோப்பு என்னாமல் பாதை என்பதற்குக் காரணம் உண்டு: அங்கே கோப்பே இல்லாவிட்டாலும் சிம்லிங்க் உருவாக்கும் எல்என் -எஸ் (ln -s) முணுமுணுக்காமல் லிங்க் போட்டுவிடும். நான் இப்போது எழுதுவது இப்படி: ‘கரண்ட் என்ற லிங்க்கை மட்டும் நீக்கவும், அது சுட்டும் ரிலீஸ்-7 கோப்புறையைத் தொட வேண்டாம்.’