டெல்டா கரண்டுக்குத் தாங்குகிற பட்ஜெட் கேமிங் பிசி: பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய் "கேம் ஆட ஒரு சிஸ்டம் வேணும்" என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி பிராசஸரைப் பற்றி, "ஐ5 போடலாமா, ஐ7 போடலாமா?" என்பதுதான். அங்கிருந்து தொடங்கினால் பணம் தப்பான பாகத்துக்குப் போய்விடும். கேம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது திரையில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டு நம் ஊர்க் கரண்டில் எத்தனை வருஷம் ஓடும் என்பது, பாகங்களுக்குக் கரண்டை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் கையில் இருக்கிறது. இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றவை தானாக இடத்தில் வந்து உட்காரும்.

மானிட்டர் இல்லாமல் 50,000 முதல் 65,000 ரூபாய் வரை கையில் வைத்திருப்பவரை நினைத்து எழுதுகிறேன். பாகங்களின் விலையை எழுதப் போவதில்லை. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். எதற்கு எவ்வளவு பங்கு என்று தெரிந்தால் போதும், அன்றைய விலையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: என்ன கேம், எந்தத் திரை?

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி கேம்கள்தான் ஆடுவேன் என்றால் பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. இவற்றில் பிராசஸருக்கும் சம வேலை உண்டு. சைபர்பங்க் 2077 மாதிரி கதை கேம்கள் வேண்டுமென்றால் சுமை முழுக்கக் கார்டின் தலையில் விழும். ஜிடிஏ 5 இரண்டுக்கும் நடுவில்.

திரைக்கு 24 அங்குலம், 1080பி (1920×1080 புள்ளிகள்), ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) போதும். சுடும் கேம் ஆடுபவர்கள் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) அல்லது அதற்கு மேல் எடுக்கலாம், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இந்த பட்ஜெட்டில் 1440பி பக்கம் போகாதீர்கள். அதே கார்டு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு புள்ளிகளை வரைய வேண்டியிருக்கும். வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள டிவி இருந்தால் முதல் ஆறு மாதம் அதிலேயே ஓட்டிவிட்டு, மானிட்டர் காசையும் கார்டில் போடலாம். சீரியல் நேரத்தில் சண்டை வரும், அது உங்கள் பாடு.

படி 2: கிராபிக்ஸ் கார்டு

மொத்தப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் இதற்கு. கதை கேம்களும் ஆட வேண்டும் என்றால் கார்டின் சொந்த நினைவகத்தில் 8 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 இந்த அளவுக்கு நல்ல அளவுகோல். 1080பியில் பெரும்பாலான கேம்களைத் தாராளமாக ஓட்டும், எடுக்கும் மின்சாரமோ 132 வாட்தான். 2021இல் வந்த கார்டு, ஆனாலும் கடையில் நல்ல விலைக்குக் கிடைத்தால் வெட்கப்படாமல் வாங்கலாம். இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ஆர்எக்ஸ் 7600. என்விடியா பக்கம் ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி வகை, வீடியோ எடிட்டிங், பிளெண்டர் (3டி படம் செய்யும் மென்பொருள்) என்று வேறு வேலையும் செய்பவர்களுக்கு உதவும்.

பெயரில் ஏமாறும் இடங்கள் இரண்டு உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி ஒன்றும் 6 ஜிபி ஒன்றும் வந்தன. நினைவகம் மட்டும் குறைவு என்று நினைக்க வேண்டாம், 6 ஜிபி வகை வேகத்திலும் குறைந்தது. அதன் ஒரே நல்ல குணம் 70 வாட்டில் ஓடுவது. பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிளே வேண்டாம். அடுத்தது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 4 ஜிபிதான், மதர்போர்டோடு பேச நான்கு பாதைகள்தான். பழைய பிசிஐஇ 3 (கார்டு செருகும் இணைப்பின் முந்தைய தலைமுறை) போர்டில் போட்டால் அந்த நான்கும் பாதி வேகமாகிவிடும். கேம் ஆடுவதைப் பதிவு செய்து யூடியூபில் போடலாம் என்று ஆசைப்பட்டால், அதற்கான வீடியோ என்கோடரும் இந்தக் கார்டில் கிடையாது. விலையைப் பார்த்துக் கை நீட்டாதீர்கள்.

படி 3: பிராசஸரும் மதர்போர்டும்

ஆறு கோர் போதும். ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5 12400எஃப், இரண்டில் எது அன்றைக்கு மலிவோ அது. இரண்டும் 65 வாட் வகை, பெட்டியோடு வாங்கினால் கூலரும் கூடவே வரும். பணம் ரொம்ப இறுக்கம் என்றால் நான்கு கோர் ஐ3 12100எஃப்கூட ஆர்எக்ஸ் 6600ஐ ஓட்டிவிடும். ஐ7க்குக் கொடுக்கிற கூடுதல் பணத்தைக் கார்டில் போட்டால் கேமில் அதிகம் தெரியும்.

இன்டெல்லில் கடைசியில் "எஃப்" இருந்தால் உள்ளேயே படம் காட்டும் வசதி இல்லை என்று அர்த்தம். ரைசன் 5 5600க்கும் அது கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. கார்டை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு உள்ளேயே படம் காட்டும் ரைசன் 5 5600ஜி சரிப்படும். அதிலேயே வேலரன்ட் ஆடிவிடலாம். ஆனால் அது ராமையே கடன் வாங்கிப் படம் வரைவதால் ஒரே 16 ஜிபி குச்சி போடாமல் இரண்டு 8 ஜிபி போட வேண்டும்.

போர்டு விஷயத்தில் ரைசனுக்கு பி450 அல்லது பி550, இன்டெல்லுக்கு எச்610 அல்லது பி660. பழைய ஸ்டாக் பி450 போர்டு ரைசன் 5000 வரிசையை அடையாளம் தெரியாமல் முழிக்கும், பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்து கொடுக்கச் சொல்லிக் கடையிலேயே கேட்டுவிடுங்கள். இந்த ரைசன்கள் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டுக்கு வயதாகிவிட்டது. 2022இல் வந்த ஏஎம்5இல் போனால் பின்னால் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம்தான் போட முடியும். இருக்கிற ராம் விலையில் இந்த பட்ஜெட்டுக்கு ஏஎம்4 போதும் என்பது என் கட்சி.

படி 4: எஸ்எம்பிஎஸ், அப்புறம் வீட்டுக் கரண்ட்

சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து வீடியோ போடுபவர்கள் இதை அரை நிமிஷத்தில் கடந்துவிடுவார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது, அதே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற வீடுகளில் ஃபேன் சுற்றுவது மெதுவாவதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டருக்கும் அந்த வோல்டேஜ்தான் போகிறது.

எனவே எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது அதன் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். உள்ளீடு 200–240 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அது நிலையான கரண்டுக்குச் செய்தது. 100–240 வோல்ட் என்று இருந்தால் நம் 230 வோல்ட் நன்றாக இறங்கினாலும் அணையாமல் ஓடும். ஒரே கம்பெனியின் மலிவு மாடலிலும் நல்ல மாடலிலும் இந்த வித்தியாசம் இருக்கலாம். லேபிளில் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) என்றும் இருக்கிறதா பாருங்கள்.

எவ்வளவு வாட்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: கேம் ஓடும்போது பிராசஸருக்கு 80, ஆர்எக்ஸ் 6600க்கு 132, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் ஏறத்தாழ 260. கார்டு திடீரென்று இழுக்கும் இழுப்புக்கும் இடம் விட்டு, நல்ல கம்பெனியின் 450 அல்லது 550 வாட் போதும். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல) முத்திரை இருப்பது நல்லது, ஆனால் அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. ஐந்து வருஷ வாரன்ட்டி தருகிற மாடலை நான் அதற்கு மேலாக நம்புவேன். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கிராபிக்ஸ் கார்டுக்கு இணைக்கவே இணைக்காதீர்கள், அது வெடிக்கும்போது தனியாகப் போகாது.

அடுத்தது எர்த். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருந்தால் பெரும்பாலும் ப்ளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. பழைய ஓட்டு வீடுகளில் இது சகஜம். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த் குழியிலிருந்து சரியாக இழுக்கச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவையும் பிசி பட்ஜெட்டில் சேருங்கள்.

யுபிஎஸ் வேண்டுமா? வேண்டும், ஆனால் கேமைத் தொடர்ந்து ஆடுவதற்கு அல்ல, சேவ் செய்து அணைப்பதற்கு. 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது பிசியும் மானிட்டரும் 300 வாட்டை நெருங்கும் என்பதால் சில நிமிஷங்களே தாங்கும். மலிவான யுபிஎஸ் படிப்படியான அலையில் கரண்ட் தருவதால், ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள் மாறும் நொடியில் அணைந்துவிடும். முடிந்தால் வாங்கும் முன் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். வீட்டில் சைன் வேவ் (சீரான அலை) இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னால் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்து, அதில் போட்டு ஓட்டலாம். சதுர அலை இன்வெர்ட்டரில் மட்டும் போட வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. ப்ளக்கையே பிடுங்குங்கள், இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து.

படி 5: ராம், எஸ்எஸ்டி

டிடிஆர்4, 3200 வேகம், 8 ஜிபி இரண்டு. போட்டதும் பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, என்விஎம்இ என்ற வேகமான வகையில் 500 ஜிபி குறைந்தபட்சம். ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும். பெயர் கேள்விப்படாத எஸ்எஸ்டி வேண்டாம். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

படி 6: கேபினட்

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு. போட்டோவில் அழகாக இருக்கும், கத்திரி வெயிலில் மூச்சு முட்டும். முன்பக்கம் சல்லடை மாதிரி மெஷ் இருக்கிற கேபினட் எடுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே தள்ளட்டும், பின்னால் ஒன்று வெளியே இழுக்கட்டும்.

கழற்றிக் கழுவுகிற தூசி வடிகட்டி கட்டாயம். தை, மாசியில் சம்பா அறுவடை மிஷின் இறங்கிவிட்டால், வயலை ஒட்டியுள்ள தெருக்களில் வைக்கோல் தூசி வீட்டுக்குள்ளேயே மிதக்கும். அந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். தரையில் வைக்காமல் ஓர் அடியாவது உயரத்தில் வைத்தால் தூசி குறையும். வேதாரண்யம், நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் ஜன்னலை ஒட்டி வைக்க வேண்டாம், உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும்.

பழைய ஆபீஸ் பிசி வழி

25,000 ரூபாய்க்குள் என்றால் புதிதாகச் சேர்க்க முயலாதீர்கள். நிறுவனங்கள் கழித்துவிட்ட பிராண்டட் ஆபீஸ் பிசி ஒன்றை வாங்கி, தனி பவர் கேபிள் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி 75 வாட் கார்டு ஒன்றைச் செருகலாம். இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல்தான் எடுக்க வேண்டும். விண்டோஸ் 11 அதற்குக் கீழே அதிகாரப்பூர்வமாக இல்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11இல் வேலரன்ட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். ஒல்லியான கேபினட் என்றால் உயரம் குறைந்த கார்டுதான் நுழையும், ஸ்கேலை வைத்து அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

படி 7: வாங்குவது

தஞ்சாவூர், திருச்சி கடைகளிலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். சென்னையில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் பஸ் செலவையும், பழுதானால் திரும்பத் தூக்கிக்கொண்டு போகும் அலைச்சலையும் கூட்டிப் பாருங்கள். கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பக்கத்து ஊரில் வாங்கலாம், ராமும் எஸ்எஸ்டியும் கூரியரில் வந்தாலும் பரவாயில்லை.

"பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறைச்சுக்கலாம்" என்று சொன்னால் சிரித்துவிட்டு பில்லோடே வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். மொத்தமாக "அசெம்பிள்டு சிஸ்டம் 1" என்று எழுதித் தந்தால் பின்னால் வாரன்ட்டிக்கு அலைய வேண்டும். பிராசஸர் பெட்டியில்லாமல் ட்ரேயில் வந்தால் வாரன்ட்டி யார் தருவது என்று கேளுங்கள். பெட்டியோடு வந்தால் மூன்று வருஷம் கம்பெனியே தரும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டி, எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். பிராசஸரும் கார்டும் 85 டிகிரிக்குள் இருந்தால் சரி. தாண்டினால் அன்றைக்கே கடைக்குச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், வாரன்ட்டிக்குக் கார்டை அனுப்பும்போது அதே பெட்டி வேண்டும். பரணில் எலி இருந்தால் பீரோ மேல் வையுங்கள்.