பட்டிக்கு காவல் நாய் வளர்க்கப் போறவங்க குட்டி தூக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

வெள்ளகோவில், காங்கேயம், மூலனூர் பக்கம் ஆடு வச்சிருக்கறவங்க யாரைக் கேட்டாலும் இப்ப இதே பேச்சுதாங்க. தெரு நாய்ங்க கூட்டமா பட்டிக்குள்ள பூந்து ஒரே ராத்திரில பத்து ஆடு பதினஞ்சு ஆடுன்னு கடிச்சுப் போட்டுருது, செத்த ஆட்டை ரோட்டுல போட்டு விவசாயிங்க போராட்டம் பண்ணினதை நீங்களும் பாத்திருப்பீங்க. அதுக்கப்புறம் "பெரிய நாயா ஒண்ணு வாங்கிக் கட்டிட்டா சரியாப் போயிரும்"னு நிறையப் பேரு கெளம்பிட்டாங்க. எங்களுக்கு 4 ஏக்கர் கொறங்காடு (மானாவாரி மேய்ச்சல் நெலம்), சுத்தியும் கிளுவைச் செடி நட்ட உயிர் வேலி, 25 மேச்சேரி ஆடு, கொஞ்சம் நாட்டுக்கோழி. 11 வருசமா நாய் வச்சுத்தான் பட்டி காக்கறோம், அதுல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதறேன்.

வெரட்டற நாய் வேற, நிக்கற நாய் வேற. பட்டிக்கு வேணுங்கறது நிக்கற நாய். வெளிய சத்தம் கேட்டா ஆட்டுக்கும் அந்த சத்தத்துக்கும் நடுவுல போய் நின்னு குலைக்கணும், கிட்ட வந்தாத்தான் பாயணும், வெரட்டிட்டுப் போனாலும் வேலி வரைக்கும் போய்ட்டு ஆட்டுகிட்ட திரும்பிரணும். முயலைக் கண்டா ஒரு மைல் ஓடற நாய் எவ்வளவு பெருசா அழகா இருந்தாலும் ஆகாதுங்க, அது அந்தப் பக்கம் ஓடுன நேரத்துல இந்தப் பக்கம் நாலு நாய் உள்ள வந்துரும். அதே மாதிரி கட்டிப்போட்ட நாயால குலைக்கத்தான் முடியும், சங்கிலி எட்டற தூரம்தான் அதோட காவல்.

எந்த இனம்னு கேட்டா, சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடறதுக்குன்னே வளத்த வேட்டை நாய்ங்க, ஆடு இருக்கற எடத்துக்கு நான் சொல்லவே மாட்டேன். ராஜபாளையம் நல்ல உயரம், 65ல இருந்து 75 சென்டிமீட்டர் வரைக்கும் வரும், வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, 2005ல தபால்தலைல கூட வந்துச்சு. காவலுக்கு நல்ல நாய்தான், ஆனா அதுக்கும் வேட்டை ரத்தம் இருக்கு, குட்டில இருந்தே ஆட்டோட வளத்தாத்தான் அடங்கும். இன்னொண்ணு, வெள்ளைத் தோல் நாய்ங்கள்ல பிறவியிலயே காது கேக்காம வர்றது உண்டு. வாங்கறப்ப குட்டி வேற பக்கம் பாத்துட்டு இருக்கறப்ப பின்னாடி நின்னு ஒரு தட்டத்தைத் தட்டிப் பாருங்க, கூட இருக்கற குட்டி திரும்பறதைப் பாத்து இதுவும் திரும்பிரும், அதனால தனியா வச்சுத்தான் பாக்கணும். காது கேக்காத நாயை வச்சு ராத்திரிக் காவல் எப்படிங்க பாக்கறது.

கோம்பை தேனி மாவட்டத்து நாய், செவலை நெறம், கருத்த மூஞ்சி, ராஜபாளையம் அளவுக்கு உயரம் இல்ல ஆனா கட்டான உடம்பு, பயம்னா என்னன்னு தெரியாது. வீட்டாளுகளைத் தவிர வேற யாரையும் லேசுல ஏத்துக்காது, கடிக்கும். வேலையாளுங்க வந்து போற தோட்டம்னா நல்லா யோசிச்சுக்கோங்க. சென்னை சைதாப்பேட்டைல கால்நடை பராமரிப்புத் துறையோட நாய் இனப்பெருக்கப் பிரிவு இருக்கு, நாட்டு இனக் குட்டி வேணும்னா அங்கயும் விசாரிங்க.

வெளிநாட்டுல ஆடு காக்கறதுக்குன்னே இருக்கற கங்கால், கிரேட் பைரனீஸ் எல்லாம் வீடியோல பாத்துட்டு ஆசைப்படறாங்க. குணம் தங்கம்தான், ஆனா அந்த ரெட்டை மயிர்த் தோலை வச்சுக்கிட்டு நம்ம சித்திரை வெயில்ல அது படற பாட்டை ஒரு தடவை பாத்தீங்கன்னா மனசு கேக்காது. திபெத்தியன் மாஸ்டிஃப், செயின்ட் பெர்னார்டு பத்தி கேக்கவே வேண்டாம். கிரேட் டேன் பெருசுதான், பத்து வயசைத் தாண்டறதே கஷ்டம், திடீர்னு வயிறு உப்பி முறுக்கிக்கற சீக்கும் அதுக்கு அதிகம்.

என்னைக் கேட்டா இனப் பேரை விட தாய் நாயைப் பாருங்க. ஏதாவது ஒரு பட்டில ஏற்கனவே ஆட்டோட ஆடா படுத்துக் கெடக்கற பொட்டை நாய் குட்டி போட்டிருந்தா, அது பேரில்லாத நாட்டு நாயா இருந்தாலும் அந்தக் குட்டியைத் தூக்கிட்டு வாங்க. இப்ப எங்ககிட்ட இருக்கற கருப்பி அப்படி வந்தவதான். குட்டிக்கு ரெண்டு மாசம் ஆகற வரைக்கும் தாயை விட்டுப் பிரிக்காதீங்க, 8 வாரத்துக்கு முன்னாடி விக்கக் கூடாதுன்னு 2017ல வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிலயே இருக்கு, அதுக்கு முன்னாடி பிரிச்ச குட்டிக்கு எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்ங்கற அளவே தெரியாமப் போயிரும். சத்தம் கேட்டதும் ஒரு நொடி திடுக்கிட்டு, அப்புறம் என்னதான்னு கிட்ட வந்து மோந்து பாக்குது பாருங்க, அந்தக் குட்டிதான் நம்ம குட்டி. மூலைல போய் ஒளிஞ்சுக்கறதும் வேண்டாம், மத்ததுங்களை அடிச்சு மொத்தச் சோத்தையும் திங்கறதும் வேண்டாம்.

ஒரே நாயால அஞ்சாறு நாயைத் தடுக்க முடியாதுங்க, ரெண்டாவது வேணும். ஆனா ஒரே ஈத்துக் குட்டி ரெண்டைச் சேத்து வாங்கிட்டு வந்துராதீங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு வெளையாடிக்கிட்டு உங்களையும் கண்டுக்காது ஆட்டையும் கண்டுக்காது. மொத நாய்க்கு ஒண்ணரை ரெண்டு வருசம் ஆகட்டும், அப்புறம் அடுத்தது. ஒண்ணு ஆண் ஒண்ணு பொட்டைன்னா சண்டை கம்மி.

இப்ப வளக்கற விசயம், இதுலதான் முக்காவாசிப் பேரு கோட்டை விடறாங்க. குட்டியை வீட்டுத் திண்ணைல வச்சுக் கொஞ்சி வளத்துட்டு ஆறு மாசம் கழிச்சுப் பட்டில விட்டா அது எங்க நிக்கும், திண்ணைலதான் நிக்கும். வந்த மொத நாள்ல இருந்தே பட்டிக்குள்ள ஒரு மூலையைப் படல் வச்சு மறைச்சு அங்க படுக்க வைங்க. ஆட்டு வாசம், ஆட்டுச் சத்தம், ராத்திரி அதுங்க அசை போடற சத்தம் எல்லாம் அதுக்குப் பழகணும். கருப்பி வந்த புதுசுல படல் இடுக்குல மூக்கை நீட்டிட்டே படுத்திருப்பா, ஒரு கெழட்டு ஆடு தினம் சாயங்காலம் வந்து அந்த மூக்கை மோந்து பாத்துட்டு தலையால லேசா ஒரு இடி இடிக்கும், இவ காதை மடிச்சுத் தரையோட தரையா பம்மிக்குவா. அந்த இடி ரொம்ப முக்கியங்க. ஆட்டுக்கு மரியாதை குடுக்கணும்னு குட்டிக்குச் சொல்லிக் குடுக்கறது நாம இல்ல, அந்தக் கெழட்டு ஆடுதான். அதனால மொதல்ல பயந்தாங்கொள்ளி ஆடுகளோட விடாம, அடக்கற மாதிரி ஆடு ரெண்டோட விடுங்க.

காலைலயும் சாயங்காலமும் கயித்துல புடிச்சு வேலியை ஒட்டியே ஒரு சுத்து நடங்க, தினமும், மாசக்கணக்குல. அதுதான் நம்ம எல்லைன்னு அதுக்குப் பதியும். வேலிக்கு வெளிய கூட்டிட்டுப் போய் பழக்கப்படுத்துனா அதுவும் நம்ம காடுதான்னு நெனச்சுக்கும்.

ஏழெட்டு மாசத்துல இருந்து ஒண்ணரை வயசு வரைக்கும் ஒரு கிறுக்கு வயசு. ஆட்டுக் காதைக் கடிச்சு இழுக்கும், குட்டியை வெரட்டி வெளையாடும், கோழியை அமுக்கும். இந்த நேரத்துல அடிச்சுப் பிரயோஜனம் இல்ல, நீங்க பக்கத்துல இல்லாத நேரம் படலுக்கு அந்தப் பக்கம் விட்டுருங்க, பக்கத்துல இருக்கறப்ப நீளக் கயிறு போட்டு விடுங்க, ஓடப் பாத்தா கயித்தை மிதிச்சு நிறுத்துங்க, சும்மா படுத்திருந்தா போய்த் தடவிக் குடுங்க. ஆடு ஈனற சமயத்துல ரெண்டு வயசு ஆகாத நாயைத் தனியா விடாதீங்க. நஞ்சுக்கொடியை நாய் திங்காத மாதிரி ஆழமாக் குழி தோண்டிப் பொதைச்சுருங்க.

பகல்ல நாய் வேப்ப மரத்தடில தூங்கிட்டே இருக்குன்னு திட்டாதீங்க. அதுக்கு டியூட்டி ராத்திரி. தண்ணித் தொட்டி நெழல்ல இருக்கட்டும், வெயில் காலத்துல ஒரு ஈரச் சாக்கு போட்டு வைங்க.

சோறு பத்தி. மூணு மாசம் வரைக்கும் நாளைக்கு நாலு வேளை, ஆறு மாசம் வரைக்கும் மூணு, அப்புறம் ரெண்டு. கம்பு இல்லாட்டி ராகிக் களி, வேக வச்ச கோழி, முட்டை, தயிர் போதும். வெறும் மோர்ச்சோறு போட்டு வளத்தா எலும்புதான் தெரியும். வெங்காயம் போட்ட கொழம்பை ஊத்தாதீங்க, அது நாய் ரத்தத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு சில்லுச் சில்லா உடைஞ்சு கொடலைக் கிழிக்கும். பெரிய இனக் குட்டிக்கு சீக்கிரம் வளரட்டும்னு கால்சியம் டானிக்கை ஊத்தறதும் தப்பு, எலும்பு கோணிக்கும். ஆடு எட்டாத எடத்துல சோறு வைங்க, ஏன்னா நாய்ச் சோத்தை ஆடு நெறையாத் தின்னுருச்சுன்னா வயிறு உப்பி ஆடு போயிரும்.

ஆடு அறுத்தா தலையையோ கொடலையோ பச்சையா நாய்க்குத் தூக்கிப் போடற பழக்கம் நம்மூர்ல இருக்கு, தயவு செஞ்சு விட்டுருங்க. ஆட்டு மூளைல இருக்கற நீர்க்கட்டியை நாய் தின்னா நாய் வயித்துல நாடாப்புழுவா வளரும், அதோட முட்டை நாய்ப் பீயில வந்து புல்லுல விழும், அந்தப் புல்லை மேஞ்ச ஆட்டு மூளைல மறுபடி கட்டி வரும். ஒரே பக்கமா வட்டம் போட்டுச் சுத்திச் சுத்திச் சாகற ஆடு பாத்திருப்பீங்களே, அதுக்கு இதுவும் ஒரு காரணம். இதே குடும்பத்துல இன்னொரு புழு மனுசன் ஈரல்லயே கட்டி வைக்கும். மூணு மாசத்துக்கு ஒருக்கா பிராசிகுவான்டல் இருக்கற பூச்சி மாத்திரையை டாக்டர் சொல்ற எடைக்குக் குடுங்க.

இதையும் சொல்லணும். எங்க மொத நாய் வெள்ளையன், ராஜபாளையம், ரெண்டு வயசு. முருங்கைக்கு ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத் தூளும் கலந்து வச்சோம், இயற்கை உரம்தானேன்னு. எலும்பு வாசத்துக்கு ராத்திரியே தோண்டித் தின்னுட்டான். மறுநாள் வாந்தி, ரத்தமா பேதி, மூணாம் நாள் போய்ட்டான். ஆமணக்கு வெதைல இருக்கற ரிசின்ங்கற விசத்துக்கு மாத்து மருந்தே கெடையாதுன்னு அப்பத்தான் டாக்டர் சொன்னாரு. இப்பவும் அந்த முருங்கை வரிசைல நடக்கறப்ப மனசு ஒரு மாதிரி ஆயிரும். நாய் இருக்கற தோட்டத்துல வேப்பம் புண்ணாக்கு வைங்க, ஆமணக்கு வேண்டவே வேண்டாம். எலி மருந்து, குருணை மருந்து, யூரியா எல்லாம் பூட்டி வைக்கணும். காட்டுப்பன்றி தொந்தரவு இருக்கற பக்கம் யாராவது அவுட்டுக்காய் (தீனிக்குள்ள ஒளிச்சு வைக்கற வெடி) வச்சா அதைக் கடிச்சுட்டு வாய் செதறிச் சாகறதும் நம்ம நாய்தான், அதனாலயும் வேலிக்குள்ள இருக்கப் பழக்கணும்.

உண்ணி. தெனம் சாயங்காலம் அஞ்சு நிமிசம், காதுக்குள்ள, வெரல் இடுக்குல, கழுத்துப் பட்டைக்கு அடியில கையை விட்டுத் தடவிப் பாருங்க, கடுகு மாதிரி நெருடுனா அதுதான். சோறு திங்காம, ஈறு வெளுத்து, மூக்குல ரத்தம் வந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கும், அன்னைக்கே ரத்தம் டெஸ்ட் எடுங்க. பருத்திக்கு அடிக்கற மருந்தைத் தண்ணில கலந்து நாய் மேல ஊத்தறாங்க சில பேரு, அது உண்ணியோட நாயையும் கொல்லும். ஆட்டுக்குப் போடற ஊசியை மிச்சம் இருக்குன்னு நீங்களே நாய்க்குப் போட்டுராதீங்க.

ஒண்ணரை ரெண்டு மாசத்துல இருந்து பார்வோ, டிஸ்டெம்பர் கூட்டுத் தடுப்பூசி, மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி, அப்புறம் டாக்டர் சொல்ற பூஸ்டர், வருசா வருசம் மறக்காம. செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளை ஒட்டி நிறைய எடத்துல இலவச முகாம் நடக்கும், விசாரிங்க. வீட்டு நாயே கீறிட்டாலும் சோப்புப் போட்டு 15 நிமிசம் ஓடற தண்ணில கழுவிட்டு ஆஸ்பத்திரி போங்க.

நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்றது பத்திச் சொன்னா எங்க ஊர்ல சில பேருக்குக் கோவம் வரும், ஆனா சொல்லித்தான் ஆகணும். நம்ம ஆட்டைக் கடிக்கற கூட்டம் எங்க இருந்து வந்துச்சு? ஆசைக்கு வளத்து, குட்டி போட்டதும் சாக்குல கட்டி ரோட்டோரம் விட்டது, கோழிக்கழிவைத் தின்னு பெருத்தது, ராத்திரி அவுத்து விட்டா சரின்னு வேலி இல்லாம விட்ட தோட்டத்து நாய், எல்லாம் சேந்துதான் அந்தக் கூட்டம். பகல்ல பட்டி காத்த நாய் ராத்திரி அந்தக் கூட்டத்தோட போய் அடுத்தவன் பட்டில பூந்ததை நானே பாத்திருக்கேன். ஆபரேசன் பண்ணுன நாய் காவல் காக்காதுங்கறது பொய், கருப்பிக்கு ஒரு வயசு தாண்டுனதும் பண்ணிட்டோம், அவ வேலி தாண்டறதே இல்ல. பெரிய ஆண் நாய்க்கு உடம்பு வளந்து முடிஞ்சு ஒண்ணரை வயசுக்கு மேல பண்றது நல்லதுன்னு எங்க டாக்டர் சொன்னாரு, உங்க டாக்டரையும் கேட்டுக்கோங்க.

ஒறம்பரை (சொந்தக்காரங்க) வந்தாலோ, கரும்பு வெட்டு ஆளுங்க வந்தாலோ நாயை உள்ள விட்டுப் பூட்டுங்க, "ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லாதீங்க. கேட்ல போர்டு வைங்க. நாள் முழுக்க சங்கிலில போட்டு ஒரு நடை கூட விடாம வைக்கறது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குத்தம்.

எட்டு ஒம்பது வயசுல நாய் தளர ஆரம்பிக்கும், அப்பவே அடுத்த குட்டியைக் கொண்டு வந்துருங்க. கருப்பிக்கு இப்ப 9 வயசு, போன கார்த்திகைல ஒரு செவலைக் குட்டி வந்திருக்கான். அவன் கோழிகிட்ட பதுங்கிப் போறப்ப எல்லாம் இவ எந்திரிக்கறது கூட இல்ல, படுத்த எடத்துல இருந்தே ஒரு உறுமல், அவன் வந்து அவ முன்னங்கால்கிட்ட படுத்துக்கறான். களியை இப்ப அவளுக்கு மட்டும் கொஞ்சம் தண்ணியாக் கரைச்சு வைக்கறோம், பல்லு தேஞ்சு போச்சு.