அமெரிக்காவில் பூச்சிக்கொல்லிப் பதிவு: ஆண்டுக் கட்டணம் கட்டுவது எப்படி?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ-விடம் விண்ணப்பக் கட்டணம் கட்டிப் பூச்சிக்கொல்லியைப் பதிவு செய்தாயிற்று. வேலை அதோடு முடியவில்லை. பதிவு இருக்கும்வரை ஆண்டுதோறும் ஜனவரி 15-க்குள் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். அமெரிக்கப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு 1988-ல் வந்த திருத்தத்தின் ஏற்பாடு இது. ஒரு பாட்டில்கூட விற்காத தயாரிப்புக்கும் கட்டணம் உண்டு. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

படி 1: டிசம்பரிலேயே லேபிள்களை எடுத்து வைத்து இபிஏ பதிவு எண்களைப் பாருங்கள். நிறுவன எண், ஒரு கோடு, தயாரிப்பு எண் என இரண்டே பகுதி என்றால் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கட்ட வேண்டும். மூன்றாவதாக ஓர் எண் ஒட்டியிருந்தால், வேறொரு விநியோகஸ்தர் தன் பெயரில் விற்கும் சரக்கு அது. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஒரு மாநிலத்தின் தனித் தேவைக்காக அந்தச் சட்டத்தின் 24(சி) பிரிவில் தரப்படும் பதிவுகளின் எண் மாநிலச் சுருக்கத்தோடு தொடங்கும். பட்டியலில் விட்டுப்போவது பெரும்பாலும் இவைதான், இவற்றுக்கும் கட்ட வேண்டும்.

படி 2: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று விற்பனைப் பிரிவோடு பேசி முடிவெடுங்கள். கட்டாத பதிவு ரத்தாகும். கையிருப்பை விற்றுத் தீர்க்க நிறுவனத்துக்கு வழக்கமாக அடுத்த ஆண்டு ஜனவரி 15 வரை அவகாசம் தருவார்கள். பிறகு அதே தயாரிப்பு வேண்டுமென்றால் புது விண்ணப்பம், புதுக் கட்டணம், நீண்ட காத்திருப்பு. இழுபறியாக இருந்தால் இந்த ஓராண்டுக்குக் கட்டிவிடுவதே மேல் என்பேன்.

படி 3: தயாரிப்புகள் நிறைய இருந்தால் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. சிறு நிறுவனங்களுக்கு அது இன்னும் குறைவு: ஊழியர்கள் 500-க்கு மிகாமலும், உலகளாவிய பூச்சிக்கொல்லி வருவாயின் மூன்றாண்டுச் சராசரி 6 கோடி டாலருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். துணை நிறுவனங்களையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

படி 4: பராமரிப்புக் கட்டணத்துக்கான 8570-30 படிவத்தை நிரப்பி, அமெரிக்க அரசின் பே.கவ் (Pay.gov) தளத்தில் பணம் கட்டுங்கள். தொகை மாறக்கூடியது, அந்தந்த ஆண்டின் படிவத்தையே எடுங்கள்.

மாநிலக் கட்டணங்கள் இதில் சேராது. கலிஃபோர்னியா விற்பனையின் மீதே வசூலிக்கிறது: 2024 நடுப்பகுதி வரை 1,000 டாலருக்கு 21 டாலர், பிறகு உயர்த்திவிட்டார்கள். காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும்.