முட்டையில்லாத எக்நாக் கெட்டியாக வந்த வழி

கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கர்கள் குடிக்கும் எக்நாக்கை இறுக்குவது முட்டையின் மஞ்சள் கரு. எங்கள் வீட்டில் மகளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அதை விட்டுவிட்டுக் காய்ச்சினால் வெறும் மசாலா பால்தான் கிடைத்தது. கைகொடுத்தது கஸ்டர்ட் பவுடர். பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் 1837இல் அதை உருவாக்கியதே முட்டை சேராத தன் மனைவிக்காகத்தான்.

அரை லிட்டர் பாலில் சர்க்கரை, பட்டை, 2 கிராம்பு போட்டுக் காய்ச்சி வடிகட்டுங்கள். 1 மேசைக்கரண்டி பவுடரைத் தனியே கொஞ்சம் ஆறிய பாலில் கரைத்து, காய்ச்சிய பாலில் ஊற்றுங்கள். சூட்டில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். சிறுதீயில் கைவிடாமல் கிளறுங்கள். கரண்டியின் பின்புறம் விரலால் இழுத்த கோடு மூடாமல் நின்றால் அதுதான் பதம். ஆற ஆற இன்னும் இறுகும், உடனே இறக்கிவிடுங்கள். அப்புறம் ஜாதிக்காய்: பொடி வேண்டாம், முழுக்காயை அப்போதே துருவுங்கள். அந்த மணம் இல்லாமல் இது எக்நாக்கே இல்லை.