மோன்டெபுல்ச்சியானோவில் தங்கி வைன் ஊர்களைச் சுற்றுவது எப்படி

இத்தாலியில் டஸ்கனியின் திராட்சைத் தோட்டங்களைச் சுற்ற ஒரே ஊரில் தங்குவதென்றால், நான் மோன்டெபுல்ச்சியானோவைத்தான் சொல்வேன். சுமார் 600 மீட்டர் உயரத்தில், குன்றின் முதுகில் நீளமாகக் கிடக்கும் ஊர். ஐந்து இரவாவது தங்குங்கள். தினமும் பெட்டி கட்டினால் எதுவும் மனதில் நிற்காது.

ரயிலில் வந்தால் கியூசியில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள். மோன்டெபுல்ச்சியானோ என்ற பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு, ஆனால் அது ஊரைவிட்டுத் தள்ளி, கீழே சமவெளியில் இருக்கிறது. கார் என்றால் மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். இசட்.டி.எல். என்ற, வெளி வண்டிகளுக்குக் கட்டுப்பாடுள்ள பகுதியின் பலகையைத் தாண்டினால் கேமரா பிடித்துவிடும். எனக்கு அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வந்தது.

முதல் நாள் எங்கும் போக வேண்டாம். ஊருக்கு அடியிலேயே பழைய நிலவறைகள் இருக்கின்றன. நான் இறங்கியபோது வெளியே சுள்ளென்று வெயில். கொஞ்சம் படி இறங்கியதும் சில்லென்ற காற்று, ஈரக் கல்லும் ஓக் மரமும் கலந்த வாசம், ஆளை மிஞ்சும் பீப்பாய்கள். இவ்வூரின் சிவப்பு வைனான வினோ நோபிலேவை அங்கே நின்று குடித்துப் பார்க்க வேண்டும். அதில் குறைந்தது 70 சதவீதம் சாஞ்சோவேசே திராட்சை.

அப்புறம் ஒரு நாள் இன்னொரு வைன் ஊரான மொன்டால்சினோவுக்கு. அங்குள்ள புருனெல்லோ வைன் முழுக்க முழுக்கச் சாஞ்சோவேசே. அறுவடையாகி ஐந்தாம் ஆண்டில்தான் கடைக்கு வரும். தோட்டங்களில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு போதும். வண்டி ஓட்டுபவர் ருசித்துவிட்டுத் துப்பிவிடட்டும். திரும்பும் வழியில் பியென்சாவில் நிறுத்தி, பெக்கோரினோ பாலாடைக்கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.