வக்கீல் தொழிலோடு சட்டத்தில் பிஎச்.டி.

மதுரையில் தொழிலாளர் வழக்குகள் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகப் பிஎச்.டி. முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தலைப்பை உங்கள் கேஸ் கட்டுகளில் தேடுங்கள். 1972-ஆம் ஆண்டு பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டத்தின் 4(6) பிரிவு, பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக நீக்கப்பட்டவரின் பணிக்கொடையைப் பறிக்க இடம்தருகிற பிரிவு. அதைக் காட்டி நிர்வாகங்கள் பணத்தைப் பிடித்துவைத்த வழக்குகள் என் அலமாரியில் நிறைய இருந்தன. குற்றவியல் நீதிமன்றம் தண்டிக்காமலே ஒருவரை ஒழுக்கக்கேடானவர் என்று நிர்வாகம் முடிவுகட்டலாமா? அந்த ஒரு கேள்விதான் என் ஆய்வு. ‘தொழிலாளர் நலச் சட்டங்கள்’ என்று அகலமாக எடுத்தால் கரைசேர முடியாது. அதே தலைப்பில் ஆய்வேடு இருக்கிறதா என்று முதலில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் பாருங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி, பிஎச்.டி.யில் சேர எல்.எல்.எம். என்ற சட்ட முதுநிலைப் படிப்பில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் சலுகை. காலம் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள். சம்பள வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். தபால்வழியில் பிஎச்.டி. கிடையாது, யார் ஆசைகாட்டினாலும் பணம் கட்டாதீர்கள்.

எழுதுவதுதான் கடினம். மனு எழுதிப் பழகிய கை சாதகமான தீர்ப்பையே முன்னால் வைக்கும். ஆய்வேட்டில் எதிர்த் தீர்ப்புக்குத்தான் கூடுதல் பக்கம் ஒதுக்க வேண்டும். மே மாத கோர்ட் விடுமுறையை முழுசாக இதற்கே வையுங்கள். கட்சிக்காரர் நம்பிச் சொன்னது எதுவும் ஆய்வேட்டில் வரக்கூடாது. வெளிவந்த உத்தரவுகளை மட்டும் மேற்கோள் காட்டுங்கள்.